அப்பா விட்டுப்போன ஐந்து டயர்கள்

அப்பா போன பிறகு அவருடைய ஆல்ட்டோ எங்கள் வீட்டு ஷெட்டில் இரண்டு வருஷம் நகராமல் நின்றது. தகரக் கூரை, மண் தரை, ஒரு பக்கம் விறகு, இன்னொரு பக்கம் மிளகுச் சாக்கு. எங்கள் ஊரான ஸ்ரீமதுரையில் ஜூன் பிறந்துவிட்டால் துவைத்த துணி காய நாலு நாளாகும். அந்த ஈரத்தில் சீட்டில் பூஞ்சை பிடித்தது, பேட்டரி செத்தது, காருக்கு அடியில் கோழி முட்டையிட்டது. டயரை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாம் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "பட்டன் அப்படியே இருக்கே" என்றார்கள். டயரின் மேல்தளத்தில் தெரியும் கட்டைகளையும் பள்ளங்களையும் எங்கள் பக்கத்தில் பட்டன் என்றுதான் சொல்வோம். பட்டன் இருந்தால் டயர் இருக்கிறது, பட்டன் போனால் மொட்டை டயர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2025 ஏப்ரலில் அம்மாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் என்று கண்டுபிடித்து, மாதம் ஒருமுறை ஊட்டிக்கு வரச் சொன்னார்கள். இங்கிருந்து கூடலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் இன்னொரு பஸ். நடுவட்டம் வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றும். வழியில் இறங்கி உட்கார முடியாது. காரை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பேட்டரி மாற்றி, ஆயில் மாற்றி, பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்தாகிவிட்டது. காற்று மட்டும்தான் பாக்கி. கூடலூர் போகிற வழியில் இருக்கும் இக்காவின் பஞ்சர் கடையில் நிறுத்தினேன்.

"இக்கா, முப்பது பவுண்டு பாத்து விட்டுடுங்க. நாளைக்கு ஊட்டி போகணும்."

அவர் காற்றுக் குழாயை எடுக்கவில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு ஈரத்துணியால் பின் டயரின் பக்கவாட்டைத் துடைத்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒரே இடத்தில் நின்றார்.

"மோளே, இங்க வந்து இத வாசி."

நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். எண்ணைப் பார்த்தால் அது என்ன கணக்கு என்று கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் ஏழு வருஷம் அந்தக் காரில் போய்வந்திருக்கிறேன், இந்த எண்ணைப் பார்த்ததில்லை. ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம்: 3815.

"இது அதோட ஜாதகம்," என்றார் இக்கா.

முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு இலக்கம் வருஷம். 2015ஆம் ஆண்டின் முப்பத்தெட்டாவது வாரம், அதாவது செப்டம்பர் மாதம், இந்த டயர் அச்சிலிருந்து வெளியே வந்திருக்கிறது. அப்பா கார் வாங்கியது 2016 பொங்கலுக்கு. கணக்குப் பொருந்துகிறது. ஆக அது வயதில் பத்தைத் தொடப் போகிற டயர். ஓடியதோ 21,000 கிலோமீட்டர்தான். அப்பா கூடலூர் சந்தைக்கும், பத்திரம் பதியவும், கல்யாணத்துக்கும் மட்டும் காரை எடுப்பார். கொஞ்சமாக ஓடியதால் பட்டன் தேயவில்லை. தேயாததால் யாரும் மாற்றச் சொல்லவில்லை. மாற்றாததால் அது அங்கேயே கிழமாகிவிட்டது.

இந்த நாலு இலக்கம் எல்லா டயரிலும் உண்டு, காரானாலும் பைக்கானாலும் லாரியானாலும். டி, ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் நீண்ட வரிசையின் கடைசியில் இருக்கும். சில டயர்களில் இந்தக் கட்டம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும்; அந்தப் பக்கம் காருக்கு உள்புறமாக மாட்டப்பட்டிருந்தால், ஸ்டியரிங்கை ஒடித்து வைத்தோ தரையில் படுத்தோதான் பார்க்க வேண்டும். நாலு இலக்கத்துக்குப் பதில் மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முன்னால் செய்த டயர். அப்படி ஒன்று உங்கள் பழைய ஜீப்பில் இன்னும் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே கழற்றுங்கள்.

ரப்பர் ஏன் கிழமாகிறது? மரத்துப் பால் வெறும் பாலாக இருந்தால் வெயிலில் ஒட்டும், குளிரில் நொறுங்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இழுபட்டு மீளும் உறுதியான பொருளாகிறது என்று கண்டார். கந்தகம் ரப்பர் இழைகளுக்கு இடையே முடிச்சுப் போடுகிறது. தொழிற்சாலையில் அந்த முடிச்சு அளவோடு போடப்படுகிறது. அதற்குப் பிறகு காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வேண்டாத முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே இருக்கும், சில இழைகளை அறுத்துக்கொண்டும் இருக்கும். ஓசோன் மேற்பரப்பைக் கீறும். சூடு இந்த வேலையை விரைவுபடுத்தும். வெளியிலிருந்து மட்டுமில்லை, டயருக்குள் நாம் அழுத்தி அடைத்த காற்றும் உள்ளிருந்து வெளியே கசிய முயன்றுகொண்டே, போகிற வழியில் ரப்பரை முதுமையாக்குகிறது. அதனால்தான் மேல்தோலில் ஒரு கீறலும் இல்லாத டயர்கூட உள்ளே விறைத்துப் போயிருக்க முடியும்.

நின்ற கார் ஓடிய காரைவிடச் சீக்கிரம் வெடிப்பு விடுவதற்குக் காரணம் உண்டு. டயர் செய்யும்போது ரப்பரோடு ஒருவகை மெழுகையும் ஓசோனைத் தடுக்கும் வேதிப்பொருளையும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நசுங்கி நிமிரும்போது அவை மெல்ல மேலே வந்து தோலுக்கு ஒரு பூச்சாகப் படியும். நிறுத்தி வைத்தால் அவை மேலே வருவதில்லை. அதோடு தரையில் பதிந்த இடம் மட்டும் தட்டையாகி, ஓட்டத் தொடங்கியதும் தடதடவென்று அதிரும். அப்பாவின் கார் ஷெட்டிலிருந்து இறங்கியபோது அப்படித்தான் அதிர்ந்தது. மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

இக்கா முன்பக்கம் வந்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கச் சொன்னார். டயரின் உள்பக்கத்தில் கையை விட்டுத் தடவினார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். ஒரு கோழிமுட்டையை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போல ஒரு வீக்கம்.

வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கார் டயரின் பக்கச்சுவரில் இரும்புக் கம்பி இல்லை; பாலியஸ்டர் நூல்கள்தான் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை வரிசையாக ஓடுகின்றன. பாரத்தைத் தாங்குவது அந்த நூலுக்குள் அடைபட்ட காற்று. பள்ளத்தில் வேகமாக இறங்கும்போதோ கல்விளிம்பில் ஏறும்போதோ ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி, சில நூல்கள் அறுந்துவிடும். ரப்பர் கிழியாது, காற்று இறங்காது. அறுந்த இடத்தில் மட்டும் காற்று ரப்பரைத் தள்ளி வீங்க வைக்கும். இதற்கு ஒட்டும் இல்லை, பட்டையும் இல்லை. வீங்கிய டயரை மாற்றுவது ஒன்றுதான் வழி. அதுவரை ஓட்டவே கூடாது. பக்கச்சுவரில் ஒரு மெல்லிய குழி போலத் தெரிந்தால் அது வேறு விஷயம், நூல்கள் சேரும் இடம் அப்படித் தெரிவதுண்டு, ஆபத்தில்லை. உள்ளே போன குழி இருக்கலாம்; வெளியே வந்த மேடு இருக்கக் கூடாது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் டயர் என்பது இங்கே வேறு கணக்கு. ஸ்ரீமதுரை முதுமலைக் காட்டை ஒட்டிய ஊராட்சி. கீழே நெல் வயல், வாழை, இஞ்சி. மேட்டில் தேயிலையும் காப்பியும். சாயங்காலம் ஆனால் யானை வயலுக்கு இறங்கும். சமவெளியில் டயர் போனால் ஓரமாக நிறுத்தி, ஜாக்கி வைத்து, ஸ்டெப்னி மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே ஏழு மணிக்கு மேல் ரோட்டில் இறங்கி நட்டைக் கழற்றுவது உயிரைக் கையில் பிடிக்கிற வேலை. தொரப்பள்ளியைத் தாண்டிப் புலிகள் காப்பகத்துச் சாலைக்குள் போய்விட்டால் வண்டியை விட்டு இறங்கவே அனுமதி இல்லை. அப்பா இதை அறிந்தவர். "பிரேக்கும் டயரும் ஷெட்லயே முடிவாகணும், ரோட்ல இல்ல" என்பார். அவரும் பார்த்தது பட்டனைத்தான் என்பது எனக்கு இப்போது வருத்தமாக இருக்கிறது.

பட்டனைப் பார்ப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. மழை நாளில் நம்மை ரோட்டில் நிறுத்தி வைப்பது அந்தப் பள்ளங்கள்தான். தண்ணீர் டயருக்கும் தாருக்கும் நடுவே சிக்காமல் பள்ளம் வழியாக ஒதுங்க வேண்டும்; ஒதுங்க இடமில்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும், ஸ்டியரிங் காற்றில் திருப்புவது போல லேசாகிவிடும். புதிய கார் டயரில் பள்ளம் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, காருக்கு 1.6 மில்லிமீட்டர் என்றும் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர் என்றும் எல்லை வைத்திருக்கின்றன. அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்கே சிறிய ரப்பர்ப் படிகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்தப் படியோடு சமமானால் எல்லை வந்துவிட்டது. என் வழி இன்னும் எளிது. ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் படுக்க வையுங்கள். அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். குச்சி பட்டனுக்கு மேலே தலை நீட்டினால் டயர் வாங்கப் பணம் சேர்க்க வேண்டாம், வாங்கியே ஆக வேண்டும். எங்கள் மழைக்கு நான் இரண்டு குச்சி உயரம் வைத்திருக்கிறேன்.

தேய்ந்த விதமும் பேசும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவாகவே ஓடியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் தவறு. விரலால் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் போலவும் கடித்தால் அதுவும் அலைன்மென்ட்தான். இதில் குறைந்த காற்றுதான் பொல்லாதது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிரும், உள்ளே சூடேறும். கூடலூரிலிருந்து ஊட்டி ஏறும்போது எஞ்சின் சூடாகும். இறங்கும்போது பிரேக் சூடாகி, ரிம் வழியாக அந்தச் சூடு டயருக்கும் வரும். மசினகுடிப் பக்கம் கல்லட்டியின் 36 வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே இறங்கச் சொல்வது பிரேக்குக்காக மட்டுமில்லை.

காற்றைப் பற்றி அப்பாவின் நோட்டில் ஒரு புதிர் இருந்தது. பெட்ரோல் போட்ட நாள், கிலோமீட்டர், ஆயில் மாற்றியது எல்லாம் எழுதி வைப்பார். ஒரு பக்கத்தில், "கூடலூர் 30. ஊட்டி காலையில் பார்த்தது 30. குளிரில் குறையவில்லை?" என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தார். குளிர்ந்தால் டயர் அழுத்தம் குறையும், ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பவுண்டு வீதம். ஊட்டிக் காலைக் குளிரில் குறைந்திருக்க வேண்டும். ஆனால் கருவி காட்டுவது உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். மேலே போகப் போக வெளிக்காற்று மெலிகிறது; இந்த ஏற்றத்துக்குக் கருவியில் ஏறத்தாழ 2 பவுண்டு கூடிக் காட்டும். குளிர் குறைத்ததை உயரம் ஈடு செய்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேன். ஒரு நாள் முழுக்க அதையே பேசியிருப்பார்.

காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். இறக்கத்தில் இறங்கி வந்த உடனே பார்த்தால் நாலைந்து பவுண்டு கூடத்தான் காட்டும். கூடியிருக்கிறதே என்று அங்கே திறந்து விட்டுவிடாதீர்கள், ஆறியதும் குறைந்துபோகும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு.

இக்கா வெடிப்புகளைப் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. டயர் கடைகளில் பளபளவென்று ஒரு கறுப்புத் திரவம் தடவுவார்கள். பழைய கார் விற்கும் இடங்களிலும் அதே. கீறல் தெரியாது. அதனால்தான் ஈரத்துணி. துடைத்த பிறகு பக்கச்சுவரில் முடி போன்ற கோடுகள் தெரிந்தன. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டன் பள்ளத்தின் அடியிலும், ரிம்மை ஒட்டிய வளையத்திலும் நகத்தை ஓட்டினார். நகம் மாட்டி நின்ற இடங்களை மட்டும் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டார். மேல்தோல் கோடு முதுமையின் அடையாளம். பள்ளத்தின் அடியில் விரிந்த வெடிப்பு, வளைத்தால் உள்ளே நூல் தெரிகிற வெடிப்பு, முடிவின் அடையாளம். பிறகு பட்டன் கட்டையை நகத்தால் அழுத்தச் சொன்னார். பக்கத்தில் கிடந்த புது டயரில் நகம் கொஞ்சம் பதிந்தது. அப்பாவின் டயர் மேசைக் கட்டை மாதிரி இருந்தது. அப்படி விறைத்த ரப்பர் ஈரத் தாரைப் பிடிக்காது, எவ்வளவு ஆழம் பட்டன் இருந்தாலும்.

எத்தனை வயதுவரை ஓட்டலாம்? எல்லோரும் கேட்கும் கேள்வி இது, எல்லோரும் ஒரே பதில் சொல்வதில்லை. கார் நிறுவனங்களில் சில ஆறு வருஷத்தில் மாற்றச் சொல்கின்றன. பெரிய டயர் நிறுவனங்கள் பல, ஐந்து வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கவும், எப்படி இருந்தாலும் பத்து வருஷத்தில் தூக்கிப் போடவும் சொல்கின்றன. நம் விதி அளப்பது பள்ளத்தின் ஆழத்தை. வயதையும் அளக்க வேண்டும் என்று ஒரு நாடு சட்டம் போட்ட கதை உண்டு. 2012 செப்டம்பரில், இங்கிலாந்தின் வைட் தீவில் இசை விழா முடிந்து லிவர்பூலுக்குத் திரும்பிய பேருந்து, சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் அருகே முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது. ஓட்டுநரும் இரண்டு இளம் பயணிகளும் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதரை, பேருந்தைவிட மூத்தது. பட்டன் சட்டப்படி சரியாக இருந்தது. பதினெட்டு வயது மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் வருஷக்கணக்காக ஓயாமல் போராடியதால், 2021 பிப்ரவரி 1 முதல் பேருந்து, லாரிகளின் முன் சக்கரங்களில் பத்து வயது தாண்டிய டயர் கூடாது என்று பிரிட்டனில் விதி வந்தது. அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் இக்கா கடையில் உட்கார்ந்து 3815 என்ற எண்ணைத் தடவியபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

"அப்ப ஸ்டெப்னிய முன்னாடி போட்டு இன்னைக்கு ஓட்டட்டுமா இக்கா? அது தரையவே தொட்டதில்ல" என்று கேட்டேன். டிக்கியைத் திறந்தோம். உண்மைதான், அச்சிலிருந்து வந்தபோது இருந்த மெல்லிய ரப்பர் முடிகள்கூட அதில் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. பிறந்த குழந்தை போலிருந்தது. இக்கா திருப்பிக் காட்டினார். அதிலும் 3815. (ஸ்டெப்னி என்ற சொல் வேல்ஸ் நாட்டில் லனெல்லி நகரத்துத் தெரு ஒன்றின் பெயர். 1904இல் அங்கே இரண்டு சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்த நாட்டில் சொல் மறைந்துவிட்டது. நம் டிக்கியில் இருக்கிறது.)

பஞ்சர் பற்றியும் அன்று கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் ஒட்டிய டயரை நம்பலாமா என்பதுதான் எங்கள் தொழிற்சாலையில் எல்லோருடைய சந்தேகமும். ஆணி குத்தியது பட்டன் தளத்தின் நடுப்பகுதியில், துளை 6 மில்லிமீட்டருக்குள் என்றால் ஒட்டலாம். பக்கச்சுவரில், பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தோளில் என்றால் கூடாது. வெளியிலிருந்தே ஊசியால் திணிக்கும் ஸ்ட்ரிப், வீடு வந்து சேர. நிலையாக ஓட்ட வேண்டுமானால் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட வேண்டும். கழற்றுவதற்கு இன்னொரு காரணத்தை இக்கா சொன்னபோதுதான் புரிந்தது. காற்று இறங்கியது தெரியாமல் ஒரு கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் பக்கச்சுவர் மடிந்து தன்னைத்தானே அரைத்திருக்கும். உள்ளே கரித்தூள் போல ரப்பர்ப் பொடி கொட்டிக் கிடக்கும், சுவரில் ஒரு வளையம் சுற்றி வந்திருக்கும். அந்தப் பொடியைக் கண்டால் அவர் ஒட்ட மாட்டார். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார், இவர் விட்டுவிடுவார்.

ஐந்து டயருக்கும் பணம் புரட்ட வேண்டும் என்று தம்பியிடம் போனில் சொன்னேன். "ரெண்டு மட்டும் இப்போ மாத்துக்கா, முன்னாடி போட்டுக்கோ. முன்னாடிதானே இழுக்குது, திருப்புது" என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இக்கா மறுத்துத் தலையாட்டினார். ரெண்டுதான் வாங்க முடியும் என்றால் புதுசு பின்னால் போக வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் மீட்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் சுழன்றுவிடும்; தவளமலை வளைவில் மழையில் வால் சுழன்றால் மீட்க நேரமில்லை. எங்கள் வண்டியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஐந்தும் ஒரே வயது. ஒன்று 3,000 ரூபாயைத் தாண்டியது. அம்மா சேர்த்து வைத்திருந்த மிளகுப் பணம் போனது.

வாங்கும்போதும் பார்த்து வாங்கினேன். அளவு 145/80 ஆர் 12, பக்கத்தில் 74 டி. 145 என்பது மில்லிமீட்டரில் அகலம், 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்பது, 12 அங்குல ரிம். 74 என்ற குறி ஒரு டயர் 375 கிலோ தாங்கும் என்பது. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை; எங்கள் சாலையில் அது தேவைப்படாது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். நாலு இலக்கத்தையும் பார்த்தேன்: 0925. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்ததில் ஒன்று 2022, வேண்டாம் என்றேன். குடோனில் நிழலில் இருந்த டயர் ஓடிய டயர் அளவுக்குக் கெடாது என்பது சரிதான். ஆனால் பணம் முழுசாகக் கொடுக்கும்போது ஆயுளையும் முழுசாகக் கேட்கலாம். வால்வையும் புதுசாகப் போடச் சொன்னேன், அதுவும் ரப்பர்தான், அதற்கும் பத்து வயதுதான்.

பழைய டயர் கடைகளைப் பற்றி எனக்கு ஒரு பழைய பயம் உண்டு. நான் பள்ளியில் படித்தபோது அப்பா ஒரு ஜீப் வைத்திருந்தார். சமவெளியில் ஒரு கடையில் "நல்ல பட்டன்" என்று சொல்லி இரண்டு செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கி வந்தார். நாடுகாணி இறக்கத்தில் மழையில் ஜீப் பக்கவாட்டில் போய் மண்மேட்டில் நின்றது. இறங்கிப் பார்த்தபோது பள்ளத்துக்குள் கம்பி மின்னியது. மொட்டை டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் அறுத்து விற்றிருக்கிறார்கள். மேலே இருக்க வேண்டிய ரப்பரைக் கீழே தோண்டி எடுத்தது. அன்றைக்கு ஜீப்பில் நாங்கள் ஆறு பேர்.

அதனால்தான் இக்கா கடையில் அன்று மாலை நான் விட்டுக்கொடுக்கவில்லை. டயர் மாற்றிக்கொண்டிருக்கும்போது எங்களுக்குத் தெரிந்த ஒருவர் தன் ஆம்னியை நிறுத்தினார். காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர், நல்ல மனிதர். கழற்றிப் போட்டிருந்த டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இதெல்லாம் தூக்கிப் போடுறீங்களா? பட்டன் அப்படியே இருக்கே. எனக்கும் பன்னண்டு இன்ச்தான். ஆயிரம் ரூபா தர்றேன்."

அவருக்கு நான் எண்ணைக் காட்டினேன். சுண்ணாம்பு வட்டங்களைக் காட்டினேன். ஆம்னிக்குப் பாரம் தாங்கும் வேறு ரக டயர், இது கார் டயர், அளவு ஒன்றானாலும் இரண்டும் ஒன்றில்லை என்று சொன்னேன். அவர் ஸ்டெப்னியைத் தூக்கி, "இதையாவது குடுங்க, முடிகூட உதிரலையே" என்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுப்பது கஷ்டமாக இருந்தது. டயர் விலை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இக்கா, அஞ்சையும் கிழிச்சுடுங்க" என்றேன்.

சும்மா விட்டால் யாராவது எடுத்துப் போவார்கள். முற்றத்தில் கிடந்தால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு வளரும். இக்கா வளைந்த கத்தியை எண்ணெயில் தோய்த்து, ஒவ்வொரு பக்கச்சுவரிலும் ஒரு முழ நீளத்துக்கு அறுத்தார். நான்கு டயரிலும் வெட்டு வாயில் நூல்கள் வெள்ளையாக, சீப்புப் பல் மாதிரி வரிசையாக நின்றன. ஐந்தாவது, வீங்கிய டயர். அந்த முட்டையின் குறுக்கே அறுத்து விரித்துக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன். பதினொரு நூல் ஏற்கெனவே அறுந்து, நுனி பஞ்சாகப் பிரிந்து கிடந்தது. ஆம்னிக்காரர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் வண்டிக்குப் போய், ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டு, முன் டயரின் உள்பக்கம் கையை விட்டார்.

மறுநாள் அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிப்போனேன். பைக்காராவில் நிறுத்தி டீ குடித்தோம். திரும்பி வரும்போது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்ததால் இக்கா கடையில் நிறுத்தினேன். ஸ்பானர் போட்டுப் பார்த்தார். பின் இடது சக்கரத்தில் ஒரு நட்டு மட்டும் கால் சுற்று உள்ளே போனது. வீட்டுக்கு வந்து அப்பாவின் நோட்டில், அவர் கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே எழுதினேன்: டயர் 5, வால்வு 5, எண் 0925. நட்டு பார்த்தது.